வேரில்லாச் செடியின் கூட்டாளி

கன்செப்சியோன்,
8 மார்ச் 1999

அன்புள்ள மிரேயா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், அதற்கே நன்றி. மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீ பாதியில் விட்டுப்போன வேலையை நான் முடித்துவிட்டேன். தண்ணீரிலிருந்து முதலில் கரையேறிய செடிகளில் முதலில் பிரிந்த கிளை எது? பாறைப்பாசியா, கொம்புச்செடியா, ஈரல்செடியா? நாம் இரண்டு பேரும் எத்தனை சாயங்காலம் இதற்காகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறோம்! மரபணு இப்போது ஒரு பதில் சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு மரபணுவுக்கு நடுவே ஒரு இடைச்செருகல் இருக்கிறது. மரம், புல், பெரணி எல்லாவற்றிலும் அது உண்டு. பாறைப்பாசியிலும் கொம்புச்செடியிலும்கூட உண்டு. குளத்துப் பாசியில் இல்லை. நான் பார்த்த ஈரல்செடி எதிலுமே இல்லை. அப்படியானால் அந்தச் செருகல் வந்து சேர்வதற்கு முன்பே ஈரல்செடிகள் தனிக்குடித்தனம் போய்விட்டன. முதல் கிளை அவைதான்.

கட்டுரையை அனுப்பினேன். அதைப் பரிசீலித்த யாரோ ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். 'தெற்கே வளரும் அந்த வேரில்லாத ஈரல்செடியைப் பார்த்தீர்களா? அது மிகப் பழைய வம்சமாயிற்றே?' நான் பார்க்கவில்லை. நிமிர்ந்து நிற்குமே, சின்னச் சின்ன இலையோடு, மண்ணுக்கடியில் வழவழவென்று வெள்ளைத் தண்டோடு, அதுதான். நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் உன் தீவின் ஓடைக்கரைகளில் இருக்கிறது என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. கொஞ்சம் பறித்து அனுப்ப முடியுமா?

அன்றைக்குப் பஸ் நிலையத்தில் நான் கேட்டது உனக்கு மறந்திருக்காது. “ஒரு நண்டு பிடிக்கிறவனுக்காக எட்டு வருஷப் படிப்பைக் கடல்ல கொண்டுபோய்க் கொட்டப் போறியா?” நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. உன் கொம்புச்செடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்று என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் பார்த்தபோது எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டது.

எல்சிரா


புவேர்த்தோ வில்லியம்ஸ்,
29 மார்ச் 1999

ஏய் ஒல்லிப்பிச்சான்,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். டனீலோ பிடுங்கிக்கொண்டான். “யாரு, என்னை நண்டுக்காரன்னு சொன்னாங்களே அந்த டாக்டரம்மாவா? பிரிச்சுப் படி. அவங்க ஒண்ணும் தப்பா சொல்லலையே, நண்டுதானே பிடிக்கிறேன்” என்றான். அவனுக்கு யார் மேலும் கோபம் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு உனக்கு அழைப்பு அனுப்பினேன். நீ வரமாட்டாய் என்று தெரியும். ஒரு தந்திகூடவா வராது? இங்கே தளத்தில் இருக்கும் கப்பற்படைக்காரர்களின் மனைவிமார் எல்லாம் வந்திருந்தார்கள். “உங்க பக்கத்துல யாரும் வரலையா?” என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். என் பக்கத்தில் நீதான் இருந்தாய். உன் நாற்காலி காலியாக இருந்தது. சரி, அதை எழுதியாயிற்று, இனி எழுதமாட்டேன்.

தொட்டிகள் காய்ந்ததற்கு வருத்தம்தான். அன்றைக்கு என் கண்ணுக்குத் தொட்டி தெரியவில்லை.

இனி உன் செடி. ரோபலோ ஓடைக்கு மேலே, கோய்குவே மரங்கள் விழுந்து கிடக்கும் ஒரு சரிவில், கறுப்பு மண்ணில் நின்றுகொண்டிருந்தது. இத்தனைக்கும் அந்த வழியாக வாரத்துக்கு ஒருமுறை போகிறவள் நான். கேட்டு எழுதியவுடன் கண்ணில் படுகிறது, அதுவரை படவில்லை. மண்டியிட்டு ஒரு மதியம் முழுக்கப் பறித்தேன். பக்கத்து வீட்டு நாய் கூடவே வந்து நல்ல கொத்து ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் கிளப்பவே அரை மணி ஆயிற்று.

ஒவ்வொரு தண்டாக ஓடைத் தண்ணீரில் கழுவினேன். பிறகு பள்ளிக்கூடத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒட்டியிருந்த பாறைப்பாசித் துணுக்கெல்லாம் ஊசியால் எடுத்தேன். நான் இங்கே அறிவியல் டீச்சர், தெரியுமா? பிள்ளைகளுக்குத் தவளை வரையக் கற்றுத் தருகிறேன். பல நாளைக்குப் பிறகு ஊசி கையில் வந்ததும் கொஞ்ச நேரம் சும்மா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி விமானத்தில் வருகிறது. ஈரத்தாளில் சுற்றியிருப்பது செடி. டப்பாவில் இருப்பது நண்டுக் கறி. மாற்றி அரைத்துவிடாதே.

மிரேயா


கன்செப்சியோன்,
3 மே 1999

அன்புள்ள மிரேயா,

நண்டு அருமை. ஆய்வகத்தில் எல்லோரும் விரலைச் சப்பினார்கள்.

செடி விஷயம் சரியில்லை. முழுச் செடியை அரைத்து டி.என்.ஏ. எடுத்தேன். அந்த மரபணுத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, கூழ்த்தகட்டில் ஓடவிட்டேன். செருகல் இல்லாத துண்டு குட்டை, தகட்டில் கீழே ஓடிவிடும். செருகல் உள்ளது நெட்டை, மேலேயே நின்றுவிடும். உன் செடி மேலே நின்றுவிட்டது, மிரேயா. கோடு கொழுகொழுவென்று இருக்கிறது. அதற்குக் கீழே மங்கலாக ஒரு குட்டைக் கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, அது வெறும் கறையாக இருக்கலாம். மூன்று முறை செய்தேன். செடியே போடாமல் வெறும் தண்ணீரை வைத்தும் பார்த்தேன், தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. ஆகவே தப்பு என் மேசையில் இல்லை.

மிகப் பழைய ஈரல்செடியிலேயே செருகல் இருக்கிறது என்றால் என் கட்டுரை அவ்வளவுதான். இரண்டு வருட வேலை. இங்கே என் வேலை தற்காலிகம்தான், நிரந்தரமாக்குவதா என்று டிசம்பரில் முடிவு செய்வார்கள்.

அதனால் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. நன்றாகப் பார்த்துத்தான் கழுவினாயா? ஒரு துளி பாறைப்பாசி இருந்தாலும் போதும், இயந்திரம் அதையும் பெருக்கிக் காட்டிவிடும். நீ இந்த வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. கை பழக்கம் விட்டுப்போவது இயல்புதான். பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி வேறு. நான் குறை சொல்லவில்லை.

எல்சிரா


புவேர்த்தோ வில்லியம்ஸ்,
20 மே 1999

எல்சிரா அம்மணிக்கு,

'குறை சொல்லவில்லை' என்று எழுதி முடிக்கிறவர்கள் அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

என் கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு தண்டையும் மூன்று தண்ணீரில் அலசினேன். இலை இடுக்கெல்லாம் பார்த்தேன். உன் மேசை சுத்தம் என்று நீ சொன்னால் நான் நம்புகிறேன். என் கை சுத்தம் என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாயா? கடலில் கொட்டிய படிப்பு இன்னும் முழுகவில்லை, அம்மணி. மிதந்துகொண்டுதான் இருக்கிறது.

கடிதத்தைப் படித்துவிட்டுப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். டனீலோ கதவோரம் நின்று பார்த்தான்.

“என்னவாம்?”

“நான் சரியா கழுவலையாம்.”

“நீயா? என்னை வாசல்லயே நிக்க வச்சு பூட்ஸ கழுவச் சொல்ற ஆளு நீ. உன்னையா சொன்னாங்க?” என்றான். பிறகு, “சரி, இன்னொரு தடவை பறிச்சு அனுப்பிடு. அப்ப என்ன சொல்றாங்கன்னு பாப்போம்” என்றான்.

போய்ப் பார்த்தேன். அந்தச் சரிவே இல்லை. மரத்தைக் கடித்துச் சாய்த்து அணை கட்டுமே, அந்த பீவர்கள் ஓடையைக் குறுக்கே அடைத்துவிட்டன. மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. உன் செடி எங்கோ அடியில் கிடக்கிறது. மேற்கே ஒரு குடாவில் பீவர் ஏறாத ஓடை ஒன்று இருக்கிறது, படகில்தான் போக முடியும். குளிர்காலம் வந்துவிட்டது, கடல் நிலை நன்றாக இல்லை. இருந்தாலும் ஒரு நாள் பார்த்துப் போவோம் என்று டனீலோ சொல்கிறான். உனக்காக இல்லை. என் கைக்காக.

மிரேயா


கன்செப்சியோன்,
14 ஜூன் 1999

மிரேயா,

போகாதே. முதலில் இதைப் படி, பிறகு என்னைத் திட்டு. நான் எழுதியதை நானே மறுபடி படித்துப் பார்த்தேன். இன்னொருத்தி எனக்கு அப்படி எழுதியிருந்தால் நான் பதிலே போட்டிருக்கமாட்டேன். உன் கை சுத்தம். நம்புகிறேன். ஒரு பிடிச் செடிக்காக அந்தக் கடலில் இறங்க வேண்டாம்.

இங்கே ஒன்று நடந்தது. துறைத் தலைவர் த்ரொன்கோசோ என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினார்.

“எல்சிரா, அந்தத் தீவுச் செடி கிடைச்சுதுன்னு யாருக்காவது எழுதியிருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன? 'தேடினோம், கிடைக்கலை'ன்னு ஒரு வரி எழுதிடுங்க. மத்த செடியெல்லாம் ஒழுங்காத்தானே பேசுது? உலகத்தோட கடைக்கோடில இருக்கிற அந்தத் தீவுக்கு யாரு போய்ப் பாக்கப் போறா? டிசம்பர்ல உங்க ஃபைல் என் மேசைக்கு வரும்போது கையில ஒரு பேப்பர் இருக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

உடனே முடியாது என்று சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். வெளியே வந்து ஆற்றங்கரை வரை நடந்தேன். மழை கொட்டியது. யோசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு வரிதானே என்றும் தோன்றியது. இந்த ஊரில் இதைக் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. நீ என்ன சொல்கிறாய்?

துண்டை சந்தியாகோவுக்கு அனுப்பி எழுத்து எழுத்தாகப் படித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். வருவதற்குப் பல வாரம் ஆகும்.

உன் கல்யாணத்துக்கு நான் ஒரு தந்தி எழுதினேன். தபால் நிலையம் வரை போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் திரும்பிவிட்டேன். ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எல்சிரா


புவேர்த்தோ வில்லியம்ஸ்,
2 ஜூலை 1999

ஒல்லிப்பிச்சான்,

நீ 'போகாதே' என்று எழுதியது நாங்கள் போய்வந்த பிறகு வந்தது. முன்பே வந்திருந்தாலும் போயிருப்பேன், அதனால் தபால்காரரைக் குறை சொல்லாதே.

முதலில் உன் கேள்விக்குப் பதில். செடி கிடைத்தது. நான் அனுப்பினேன், நீ வாங்கினாய். கிடைக்கவில்லை என்று எப்படி எழுதுவாய்? அப்படி எழுதினால் நான் என்ன, அந்த மதியம் முழுக்க மண்டியிடவே இல்லையா? யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னாய் அல்லவா, அதுவே பாதி பதில்தான். மீதியையும் போய்ச் சொல்லிவிடு.

இனி கதை. போகும்போது கடற்கால்வாய் எண்ணெய் ஊற்றினாற்போல் இருந்தது. குடாவில் இறங்கினோம். ஓடைக்கரையில் பனியை விலக்கினால் கீழே பச்சையாக நிற்கிறது, ஒன்றும் நடக்காதது மாதிரி. பறித்தேன். திரும்பும்போது பாதி வழியில் இயந்திரம் இருமிவிட்டு நின்றது. காற்றும் மேற்கிலிருந்து கிளம்பிவிட்டது. டனீலோ தலைகீழாகக் குனிந்து அதைத் திருகிக்கொண்டே, “மிரேயா, இந்தச் செடி சூப்புக்கு ஆகுமா?” என்று கேட்டான்.

“ஆகாது.”

“அப்ப எதுக்குடி அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்க? துடுப்பை எடு!”

உறைந்துவிடக் கூடாது என்று பெட்டியைக் கோட்டுக்குள் வைத்திருந்தேன். அப்படியே துடுப்புப் போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, எல்சிரா. ஒரு அலை வந்து டனீலோவைப் படகின் மறுபக்கம் தள்ளியபோது, இனி எந்தச் செடிக்காகவும் இவனை அழைத்து வரமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். கரையில் நண்டுக்காரர்கள் பழைய குடிசை ஒன்றைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே ஒதுங்கி, நெருப்பு மூட்டி, காற்று அடங்கும் வரை கிடந்தோம். ஊரில் எங்களைத் தேடப் படகு கிளம்பிவிட்டது. இப்போது எதிரில் பார்க்கிறவர்களெல்லாம் “சாலட் எப்படி இருந்தது?” என்று கேட்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செடியைக் கழுவினேன். கழுவிக் கழுவிப் பார்த்தேன். ஒரு துணுக்குப் பாசி கிடையாது. எனக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது. வெளியே ஒன்றும் இல்லையென்றால் உள்ளே என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று அந்த வெள்ளைத் தண்டைச் சவர பிளேடால் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவினேன். நுண்ணோக்கியில் வைத்தேன்.

உள்ளே ஆள் இருக்கிறது!

தண்டின் வெளிவரிசைச் செல்கள் ஒவ்வொன்றிலும் நூல் சுருட்டி வைத்தாற்போல் பூஞ்சை இழைகள். செல் செத்துப்போயிருக்கிறதா என்றால் இல்லை, நன்றாக இருக்கிறது. இது நோய் இல்லை. குடியிருப்பு. மேலே இலைத் தண்டைச் சீவினால் ஒரு இழைகூட இல்லை. மண்ணுக்கடியில் இருப்பதில் மட்டும்தான். வெளியே ஒட்டிக்கொண்டிருந்தால் கழுவலாம். வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறவனை எப்படிக் கழுவுவது? நீ முழுச் செடியையும் அரைத்தாய். யாருடைய மரபணுவைப் படித்தாய்?

எனக்கு மரபணுக் கணக்கு மறந்துவிட்டது. நான் சொல்வது அபத்தமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு பொட்டலமாகப் பிரித்து அனுப்புகிறேன். வெள்ளை நூல் கட்டியதில் மேல் இலைகள் மட்டும். சிவப்பு நூல் கட்டியதில் அடித்தண்டு மட்டும். தனித்தனியாக அரைத்துப் பார். நான் பார்த்ததை வரைந்தும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தவளை வரைந்து கை தேறியிருக்கிறது.

மிரேயா


கன்செப்சியோன்,
9 ஆகஸ்ட் 1999

என் மிரேயா,

உன் பள்ளிக்கூடத்துக்குப் போன் அடித்தேன், லைன் செத்துக் கிடக்கிறது. மறுபடி அடித்தேன். யாரோ ஒரு மாலுமி எடுத்து, இது கப்பற்படைச் சமையலறை என்றார். அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அவ்வளவு தாங்க முடியவில்லை.

வெள்ளை நூல்: குட்டைக் கோடு. ஒரே ஒரு கோடு. செருகல் இல்லை.

சிவப்பு நூல்: நெட்டைக் கோடு, கொழுகொழுவென்று. அதற்குக் கீழே மங்கலாகக் குட்டைக் கோடு. நான் கறை என்று நினைத்தேனே, அதுதான் செடி. பாவம், அது முதல் நாளிலிருந்தே ஈன சுரத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் காது கொடுக்கவில்லை.

அதே வாரம் சந்தியாகோவிலிருந்து எழுத்துகள் வந்தன. நெட்டைத் துண்டைத் தரவு வங்கியில் ஒப்பிட்டேன். அது பாறைப்பாசி இல்லை, கொம்புச்செடி இல்லை, எந்தச் செடியும் இல்லை. பூஞ்சை. உன் பூஞ்சை. அதன் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே மரபணுவில் ஒரு செருகல் இருக்கிறது, ஆனால் எழுத்துகள் வேறு. அளவு ஒன்றாக இருந்ததால் நான் ஏமாந்தேன். இதைப் படித்ததும் நடைபாதையில் ஓடினேன். நீயா என்று கேட்காதே, நானேதான். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, “யாராவது செத்துட்டாங்களா, டாக்டர்?” என்று பதறிவிட்டார்.

இப்போது யோசித்துப் பார். அந்தச் செடிக்கு வேர் கிடையாது, வேர் மயிர்கூடக் கிடையாது. ஆனாலும் கறுப்பு மண்ணில் நிமிர்ந்து நிற்கிறது. மண்ணிலிருந்து அதற்கு ஊட்டிவிடுவது யார்? முதன்முதலில் கரையேறியவையும் இப்படித்தான் ஆள் துணையோடு ஏறினவோ என்னவோ. ஒரு செடியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வார்த்தையைக் கட்டுரையில் எழுதக் கூடாது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

த்ரொன்கோசோவிடம் போனேன். மீதிப் பதிலையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்ல விஷயம்தான். ஆனா பூஞ்சைக் கதையை அப்புறம் தனியா எழுதிக்கலாம். இப்ப இருக்கிறதை அப்படியே அனுப்புங்க, நேரமில்லை” என்றார். நான் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். புதிதாக எழுதுகிறேன், பூஞ்சையோடு, உன் படங்களோடு. டிசம்பருக்குள் அச்சாகாது. ஆகாவிட்டால் போகட்டும்.

பெயர் வரிசை: மிரேயா ஒயார்சோ, எல்சிரா பார்ரியெந்தோஸ். நவம்பரில் இங்கே மாநாடு. முதல் பெயர்க்காரர்தான் பேச வேண்டும்.

எல்சிரா


புவேர்த்தோ வில்லியம்ஸ்,
25 ஆகஸ்ட் 1999

எல்சிரா,

பெயரை மாற்று.

விளையாடவில்லை. நீ இரண்டு வருடம் உழைத்தாய். நான் ஒரு தண்டைச் சீவினேன். இரண்டாவது பெயரே எனக்கு அதிகம். அதோடு மாநாட்டில் நின்று பேசுவதா? எனக்குப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் பேசித்தான் பழக்கம். தப்பாகச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், முடிந்தது. அங்கே இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள்.

டனீலோவிடம் சொன்னேன். “நடுக்கடல்ல துடுப்பு போட்ட ஆளு, நாலு பேரு முன்னாடி பேச மாட்டியா?” என்கிறான். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி, இதையும் எழுதுகிறேன். உன் கடிதத்தில் என் பெயர் முதலில் இருந்ததைப் பார்த்துவிட்டு, தாளை மடித்து ஏப்ரனில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தேன். நான் அதை இங்கே யாரிடமும் காட்டவில்லை. மூன்று வருடமாக 'முன்னே நான் ஆராய்ச்சி செய்தேன்' என்று சொல்லிப் பழகிவிட்டேன். அந்த 'முன்னே'யை எடுத்துவிட்டால் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

மாற்றிவிடு. மாற்றமாட்டாய் என்று தெரியும். அப்படியென்றால் என்ன பேச வேண்டும் என்று முழுவதும் எழுதி அனுப்பு. ஒரு வார்த்தை விடாமல். இங்கே அடுப்படியில் நின்று ஒத்திகை பார்க்கிறேன். டனீலோ கூட வருவான், ஆனால் அவன் அரங்குக்குள் வரக் கூடாது என்று கட்டளை. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

மிரேயா


கன்செப்சியோன்,
22 நவம்பர் 1999

அன்புள்ள மிரேயா,

நீங்கள் விமானம் ஏறியதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. டனீலோ சமைத்த மீன் வாசனை இன்னும் திரைச்சீலையில் இருக்கிறது. துவைக்க மனம் வரவில்லை.

நேரில் இருந்தபோது ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். கடிதத்தில் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நீ மேடையில் நின்றபோது கடைசி வரிசையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் கதவுப் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அடுத்து த்ரொன்கோசோ. நீ பூஞ்சைப் படத்தைத் திரையில் போட்டதும் அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“யாரு இவங்க? இத்தனை நாள் எங்க இருந்தாங்க?”

“ஒரு தீவுல சார். நீங்க யாரு போய்ப் பாக்கப் போறான்னு கேட்டீங்களே, அங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். கடைசி வரை எழுந்து போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகுதான் எனக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. திரும்பினேன். பாதி திறந்த கதவுக்கு வெளியே டனீலோ நிற்கிறார். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். உதடு அசைகிறது. நீ பேசுவதை உன்னோடு சேர்ந்து அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார், மிரேயா. ஒரு வார்த்தை பிசகாமல். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து பூஞ்சை வரைக்கும். அடுப்படி ஒத்திகையை நீ எத்தனை நாள் செய்தாயோ!

“உள்ள வந்து உக்காருங்க” என்று சைகை காட்டினேன்.

“வேணாங்க. அவ பாத்துட்டா நிறுத்திடுவா” என்றார்.

நடுவில் நீ ஒரு வார்த்தை மறந்து கையைத் தூக்கியபடியே நின்றாயே, நினைவிருக்கிறதா? கடைசி வரிசையிலிருந்து நான் “இடைச்செருகல்!” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். “பார்த்தீங்களா, பேப்பரில் பாதி அங்க உக்காந்திருக்கு” என்று என்னைக் காட்டினாய். எனக்குக் கைதட்டல் வேறு.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை. எனக்கும் அந்த நொடியில் மறந்துவிட்டது, உன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். டனீலோதான் கதவுக்கு வெளியே தவித்துக்கொண்டு, “இடைச்செருகல், இடைச்செருகல், சொல்லுடி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் நான் கத்தினேன். “அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா” என்று பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை மரப்பட்டை மாதிரி இருந்தது. அன்றைக்குப் பஸ் நிலையத்தில் நான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இனி யாரிடமும் அதைக் கேட்கமாட்டேன்.

என் வேலையைப் பற்றி: கிடைக்கவில்லை. டிசம்பர் வரை காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிட்டார்கள். அச்சான கட்டுரை இருந்த வேறொருவருக்குப் போய்விட்டது. த்ரொன்கோசோ வருத்தப்பட்டார், நிஜமாகவே. நான் அழுதேன், பிறகு தலைக்குக் குளித்துவிட்டுப் பூசணி சேர்த்த மாவில் சோபைபிய்யா சுட்டுச் சாப்பிட்டேன். மோசமாக இருக்கும் என்று நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை.

அந்தப் பூஞ்சை செடிக்கு என்ன கொடுக்கிறது, என்ன வாங்கிக்கொள்கிறது, யார் எந்த மரபணுவை வைத்துக் கதவைத் திறக்கிறார்கள், ஒன்றும் நமக்குத் தெரியாது. செடியை அது நிற்கும் இடத்திலேயே, எல்லாப் பருவத்திலும் பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு சின்ன மரபணுப் பெருக்கி இயந்திரம் இருக்கிறது, ஆய்வகத்தில் பழசென்று ஒதுக்கியது, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் கப்பல் இருக்கிறது. உன் வீட்டில் இடம் இருக்குமா?

எல்சிரா


புவேர்த்தோ வில்லியம்ஸ்,
10 டிசம்பர் 1999

ஏய் ஒல்லிப்பிச்சான்,

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டனீலோவிடம் போனேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். “எங்க, முழுசா சொல்லு பாப்போம்” என்றேன்.

“என்னத்த?”

“தெரியாத மாதிரி நடிக்காத. மாநாட்டுப் பேச்சை.”

“அந்த டாக்டரம்மா வாயில ஒரு விஷயம் நிக்காதா?” என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் சொன்னான், எல்சிரா. வலையைப் பின்னிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், முதல் வரியிலிருந்து நன்றியுரை வரை சொன்னான். உன் பெயர் வந்த இடத்தில் 'முனைவர் எல்சிரா பார்ரியெந்தோஸ் அவர்கள்' என்று மரியாதையாகச் சொன்னான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். “தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டான்.

உன் வேலை போனதற்கு அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். ஊர் முழுக்க நடந்து விசாரித்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தின் பின்னால் சும்மா கிடக்கும் விறகு அறையை ஆய்வகமாக்கலாம் என்கிறான். கூரை ஒழுகுகிறது, அவனே ஏறிப் பார்க்கிறான். மின்சாரம் அடிக்கடி போகும். உன் பெருக்கி இயந்திரம் அதற்குச் சம்மதித்தால் சரி.

இடம் இருக்கிறதா என்று என்ன கேள்வி? அடுப்புக்குப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டேன். கட்டில் குட்டை, உன் கால் வெளியே நீளும். கம்பளிக் காலுறை பின்னித் தருகிறேன்.

புந்தா அரேனாஸில் கப்பல் ஏறும் முன் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கு. காயாக இருக்கிறதாகப் பார்த்து, பெட்டி நிறைய. நாங்கள் தக்காளி பார்த்து வெகு நாளாகிறது.

எத்தனை நாள் இருப்பாய் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மிரேயா